முப்பத்தெட்டு நொடி இருந்தது

"அங்கிள், அந்தச் சிப்பாய் நகராது."

பதின்மூன்று வயதிருக்கும் அந்தப் பெண்பிள்ளைக்கு. இதைச் சொன்னபோது அவள் குரலை உயர்த்தவில்லை. கடிகாரத்தை நிறுத்தினாள், கையைத் தூக்கி நடுவரை அழைத்தாள், பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் சதுரங்கப் பலகையைப் பார்த்தேன். என் வெள்ளைச் சிப்பாய் எஃப்6 கட்டத்தில் நின்றது. அதை அங்கே வைத்ததும் என் கைதான், கடிகாரத்தை ஓங்கி அடித்ததும் என் கைதான். சிப்பாய் காலி செய்த இடத்தின் வழியாக, ஐந்தாம் வரிசையின் மறுகோடியிலிருந்து அவளுடைய யானை என் ராஜாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அந்த ஆட்டம் என்னுடையது. ஒரு சிப்பாய் கூடுதல். என் சிப்பாய்களில் ஒன்று ராணியாவதற்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி. பக்கத்து மேசைக்காரர் என் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, முடிந்தது என்பதுபோலத் தலையசைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் தோற்றிருந்தேன்.

நடந்தது மலேசியாவின் தெலுக் இந்தானில். ஊரைத் தெரியாதவர்களுக்கும் அதன் சாய்ந்த கோபுரத்தைப் படத்தில் பார்த்த ஞாபகம் இருக்கும். 1885இல் கட்டியது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி, உள்ளே ஏறினால் மூன்றுதான். தண்ணீர்த் தொட்டியும் கடிகாரமுமாக எழுப்பினார்கள். இளகிய மண், தொட்டியின் பாரம், கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர் இருந்த காலத்தில் என் தாத்தா தோட்டத்திலிருந்து சம்பள நாளில் வந்து அதன் அடியில் நின்றுதான் மணி பார்ப்பாராம். பெயர் 1982இல் மாறியது. சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கடிகாரம் மட்டும் சாய்ந்தபடியே மணி காட்டிக்கொண்டிருக்கிறது. போட்டி நடந்த மண்டபம் அங்கிருந்து நடக்கும் தூரம். அன்று காலை கோபுரத்தைக் கடந்தபோது, சாய்ந்து நிற்பதற்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நானே ஒரு பகடி சொல்லிச் சிரித்துக்கொண்டேன். மாலையில் சிரிக்கவில்லை.

என் வேலை செம்பனை ஆலையில், எடை மேடையில். லாரி பழக்குலையோடு வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டு வெறுமனே போகும்போது ஒரு எடை. இரண்டையும் பதிந்து சீட்டுக் கொடுக்க வேண்டும். சதுரங்கம் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் கற்றுக்கொடுத்தது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் விடாமல் வருடத்துக்கு நான்கைந்து திறந்த போட்டிகளுக்குப் போகிறேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆனால் வெல்ல வேண்டிய ஆட்டத்தை வெல்லத் தெரிந்தவன் என்று ஒரு நினைப்பு இருந்தது.

இங்கே காய்களின் பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மலேசியாவில் படிக்கும் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். நமக்கு மூலையில் நிற்பது யானை. மலாயில் அது தீர். மலாயில் கஜா என்றால் ராஜா ராணியை ஒட்டி நிற்கும் பிஷப். அந்த பிஷப்பை என் தலைமுறைத் தமிழர்கள் மந்திரி என்போம். மலாய்க்காரர் மெந்திரி என்றால் அது ராணி. பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இரண்டு யானை, இரண்டு மந்திரியோடு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் கட்டுரையில் யானை என்றால் மூலைக்காரர்தான்.

அது ஐந்தாவது சுற்று. ஒவ்வொருவருக்கும் 25 நிமிடம். நகர்வுக்கு நகர்வு கூடும் நொடி கிடையாது. முதல் 10 நகர்வுகள் 2 நிமிடத்தில் ஓடின, மனப்பாடம்தான். 18ஆவது நகர்வில் என் கடிகாரம் 16 நிமிடம் காட்டியது. நன்றாக நினைவிருக்கிறது. அங்கேதான் நான் உட்கார்ந்தேன்.

அவள் ஒரு சிப்பாயைக் கவனக்குறைவாக விட்டிருந்தாள். அதைக் குதிரையாலும் எடுக்கலாம், சிப்பாயாலும் எடுக்கலாம். எதனால் எடுத்தாலும் எனக்கு லாபம் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எட்டு நிமிடம் என்ன செய்தேன்? சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்து ஒடித்துப் பார்க்கிறவரைப்போல, இதையா அதையா என்று ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரையால் எடுத்தால் என் மந்திரிக்கு வழி திறக்கும். சிப்பாயால் எடுத்தால் நடுப்பகுதி கெட்டிப்படும். மறுபடி குதிரை. மறுபடி சிப்பாய். கடைசியில் குதிரையால் எடுத்து நிமிர்ந்தபோது 7 நிமிடம்தான் மிச்சம். பிறகு வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதன் கணக்கில் இரண்டு நகர்வுக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

அந்த எட்டு நிமிடத்தை யோசனை என்று அன்று நினைத்தேன். இன்று அதற்குப் பயம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன். இரண்டும் நல்லது என்று தெரிந்த பிறகு ஒருவன் யோசிப்பது நல்ல நகர்வைத் தேடுவதற்காக அல்ல. பின்னால் ஏதாவது தவறிப்போனால் இந்த இடத்தில் நான் தப்புச் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக. 26ஆவது நகர்விலும் இதே கதை. ராணிகளை மாற்றிக்கொண்டு எளிதாகக் கரை சேர்வதா, இன்னும் கொஞ்சம் தாக்குவதா என்று 3 நிமிடம். மாற்றிக்கொண்டேன். அது சரியான முடிவு. மூன்று நிமிடம் கொடுத்து வாங்கவேண்டிய முடிவு அல்ல.

என் அப்பா பால்மரம் சீவியவர். விடியும் முன்னே பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, அதன்பின் நானூறு ஐந்நூறு மரம். எப்படி இவ்வளவு வேகமாக முடிக்கிறீர்கள் என்று சிறுவனாக அவர் பின்னால் ஓடிக்கொண்டே கேட்டிருக்கிறேன். கையை வேகமாக ஓட்டினால் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்படும், பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அந்த இடத்தில் கத்தியே ஓடாது என்பார். கை நிதானமாகத்தான் போக வேண்டும். "ஒரு மரத்தை விட்டு நகர்ந்தால் திரும்பி அதே மரத்துக்கு வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். கத்தியைப் பற்றிச் சொன்னதாக அன்று நினைத்தேன்.

இனி அந்த முடிவாட்டம். 40 நகர்வுகளைத் தாண்டியிருந்தது. பலகை இருந்தால் அடுக்கிப் பாருங்கள்; எழுத்து செங்குத்து வரிசை, எண் படுக்கை வரிசை. வெள்ளை நான்: ராஜா ஜி3, யானை ஏ8, சிப்பாய்கள் ஏ7, எஃப்5. கறுப்பு அவள்: ராஜா ஜி7, யானை ஏ5, சிப்பாய் எச்5. என் முறை. என் கடிகாரத்தில் 38 நொடி. அவளிடம் மூன்று நிமிடத்துக்கு மேல்.

அவளுடைய யானை அப்போதுதான் ஏ5க்கு வந்து என் எஃப்5 சிப்பாயைக் குறிவைத்திருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்: சிப்பாய் போகப் போகிறது, காப்பாற்று. ராஜாவைத் தூக்கி எஃப்4இல் வைத்தேன்.

எஃப்5 சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். எஃப்6, செக். அவள் ராஜா அதைத் தின்றால், என் யானை எஃப்8க்குப் போய் இன்னொரு செக். ராஜா விலகும்போது ஏ7 சிப்பாய் ராணியாகிறது. தின்னாமல் எஃப்7க்கு வந்தால், என் யானை சத்தமில்லாமல் எச்8க்குப் போகும். ஏ7ஐ அவள் யானை எடுத்துக்கொள்ளட்டும். எச்7இல் செக் வைத்தால் ராஜா ஒதுங்கத்தான் வேண்டும், அதே வரிசையில் அந்தக் கோடியில் நிற்கும் யானை எனக்கு. ஜி6க்கு ஏறினால் ஜி8இல் செக், பிறகு ராணி. எச் பக்கம் ஒதுங்கினால் எஃப்7. எந்தக் கதவைத் திறந்தாலும் நான்தான் நிற்கிறேன். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. யானை முடிவாட்டம் படித்த எவருக்கும் பாலபாடம். எனக்கும் தெரியும். என் அக்கா மகனுக்கு இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அதைவிட எரிச்சல் தருவது இது: அவளுடைய மிரட்டல் மிரட்டலே அல்ல. அவள் யானை எஃப்5ஐத் தின்ன ஏ வரிசையை விட்டு வெளியே வந்தால், நான் என் யானையை ஜி8இல் செக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஏ8இல் ராணியை எழுப்பிவிடலாம். அந்தச் சிப்பாய்க்குக் காவலே தேவைப்படவில்லை.

முதல் தப்பு அதற்கும் முன்னாலேயே நடந்துவிட்டது என்றும் சொல்ல வேண்டும். என் யானை ஏ8இல், சொந்தச் சிப்பாய்க்கு முன்னால், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. யானை சிப்பாய்க்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது ஜெர்மன் ஆட்டக்காரர் தாராஷ் காலத்துப் பழைய விதி. 1927இல் புவனோஸ் ஐரிஸில் அலெகின் கப்பாபிளாங்காவிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்த 34ஆவது ஆட்டம் இதற்குப் பேர்போன பாடம்: ஏ வரிசையில் சிப்பாய் ஓடுகிறது, அலெகினின் யானை அதன் பின்னால் நின்று தள்ளுகிறது, கப்பாபிளாங்காவின் யானை முன்னால் நின்று மூச்சு முட்டுகிறது. நான் அதைப் பலமுறை போட்டுப் பார்த்தவன். ஆனால் ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தபோது ஏ8இல் ஒரு செக் கிடைத்தது, கொடுத்துவிட்டேன். நேரம் இல்லாதவனுக்குச் செக் கொடுப்பது ஒரு போதை. யோசிக்காமலே ஏதோ சாதித்ததுபோல இருக்கும்.

சரி, ராஜா எஃப்4இல். அவள் ஏ4இல் செக் வைத்தாள். ராஜாவை எங்கே கொண்டுபோவது? பின்னால் போக மனம் வரவில்லை, ஜெயிக்கிறவன் பின்வாங்குவதா? ஜி5க்கு ஏறினேன். எச்5 சிப்பாயும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று ஒரு சின்ன மகிழ்ச்சி வேறு. அவள் யானையை மறுபடி ஏ5க்குக் கொண்டுவந்தாள்.

அந்த நொடியில்தான் எனக்கு எஃப்6 தெரிந்தது. விளக்குப் போட்டதுபோலத் தெரிந்தது. எஃப்8, எச்8, எச்7 எல்லாம் வரிசையாக ஓடி வந்தன. இவ்வளவு நேரமாக இது எங்கே இருந்தது என்று நினைத்துக்கொண்டே சிப்பாயைத் தள்ளிக் கடிகாரத்தை அடித்தேன். இரண்டு நகர்வுக்கு முன் சரியாக இருந்தது, இப்போது விதிப்படி செல்லாது. ஜி5இல் நிற்கும் என் ராஜாவுக்கும் ஏ5இல் நிற்கும் அவள் யானைக்கும் நடுவே அந்தச் சிப்பாய் மட்டும்தான் கதவு. கதவை நானே திறந்துவிட்டேன்.

நடுவர் வந்தார். பொறுமையான மனிதர். நிலையைப் பழையபடி வைக்கச் சொன்னார், அவள் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டினார், இன்னொரு முறை செல்லாத நகர்வைச் செய்து முடித்தால் ஆட்டம் போய்விடும் என்று சொன்னார். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. அந்தச் சிப்பாய்க்குப் போக இடமே இல்லாததால் எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்றார். என்னிடம் 14 நொடி. ராஜாவை எஃப்4க்குத் திருப்பியிருந்தால் கட்டு அவிழ்ந்திருக்கும், ஆட்டம் உயிரோடு இருந்திருக்கும். எனக்கு ஒரே அவமானம், காது சூடாகிவிட்டது, முன்னால் தெரிந்த எச்5 சிப்பாயை எடுத்துத் தின்றேன். அவள் யானை எஃப்5ஐச் செக்கோடு தின்றது. ராஜாவை ஜி4க்குக் கொண்டுவந்து யானையை விரட்டினேன். அது சாவகாசமாக ஏ5க்குத் திரும்பியது.

இப்போது பலகையில் என்னிடம் யானையும் ஏ7 சிப்பாயும், அவளிடம் வெறும் யானை. சமநிலை. இந்த இடத்தில் நான் செய்யாத ஒரு காரியம்தான் இன்றுவரை உறுத்துகிறது. நகர்வைச் செய்துவிட்டு, கடிகாரத்தை அழுத்தும் முன் "சமநிலை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் நடுங்கிப்போய்த்தான் இருந்தாள், ஒப்புக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். எனக்கு வாய் வரவில்லை. அரை நிமிடத்துக்கு முன் ஜெயித்துக்கொண்டிருந்தவன் பாதிப் புள்ளிக்குக் கையேந்துவதா என்ற வீம்பு. இன்னும் மூன்று நகர்வு. கடிகாரம் பூச்சியத்தைக் காட்டியது.

மண்டபத்தில் ஒருவர், நேரம் முடிந்தாலும் உங்களிடம்தானே காய் அதிகம், சமநிலை கேட்டிருக்கலாமே என்றார். அது தப்பான கணக்கு. பல பேர் இப்படி நினைக்கிறார்கள், ஆகையால் சொல்கிறேன். நேரம் தீர்ந்தவனின் எதிராளியால் எந்த வழியிலும் செக்மேட் செய்யவே முடியாது என்றால்தான் ஆட்டம் சமநிலை. அவளிடம் தனி ராஜா மட்டும் இருந்திருந்தால் எனக்குப் பாதிப் புள்ளி கிடைத்திருக்கும். ஒரு யானை இருந்தது, அது போதும். என்னிடம் எத்தனை காய் என்பது கணக்கிலேயே வராது.

கைகுலுக்கிய பிறகு அவளே காய்களை மறுபடி அடுக்கினாள். நேராக ராஜா ஜி3இல் இருந்த நிலைக்கே போனாள். "அங்கிள், இங்கேயே தள்ளியிருந்தால்?" என்று சிப்பாயை விரலால் தொட்டுக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது! யானையை ஏ5க்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்த்தாளாம். நான் ராஜாவைத் தொடும்வரை மூச்சு விடவில்லை என்றாள். மூன்று நிமிடம் கையில் இருந்தவளுக்கு, எதிராளியின் நகர்வையும் பார்க்க நேரம் இருந்தது. வெளியே அவள் அப்பா மோட்டாரில் காத்திருந்தார். என்னைப் பார்த்து, "பிள்ளை நன்றாக ஆடினாளா அண்ணே?" என்று கேட்டார். நன்றாக ஆடினாள் என்றேன். பொய்யில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மீ ரோஜாக் வாங்கி உட்கார்ந்து, ஆறிப்போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் மீ ரோஜாக்கை ஆறவிடுவது பாவம்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடக்கிறது என்று சொல்லித் தேற்றினார்கள் நண்பர்கள். நடக்கிறதுதான். 2024 டிசம்பர் 12ஆம் தேதி, பக்கத்திலேயே சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2இல் வைத்ததை நான் எடை மேடைக் கூண்டில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சமநிலையில் முடிய வேண்டிய ஆட்டம். களைப்பு, குகேஷைவிடக் கையில் நேரமும் குறைவு. யானைகள் மாறின, பட்டமும் கைமாறியது. லாரிக்காரர் ஹாரன் அடித்துத்தான் எனக்கு நினைவு வந்தது. இன்னும் பழைய கதை சாமிஷ் என்ற ஜெர்மானியருடையது. நல்ல கிராண்ட்மாஸ்டர், கப்பாபிளாங்காவையே ஒருமுறை வென்றவர். முதுமையில், 1969இல் லின்ஷாப்பிங் நகரில் நடந்த ஒரு போட்டியில் ஆடிய 13 ஆட்டங்களையும் நேரம் தீர்ந்தே தோற்றார். இதையெல்லாம் படித்தால் கொஞ்சம் ஆறுதல். ஆனால் டிங் உலகப் பட்டத்துக்காகத் திணறினார். நான் ஒரு சிப்பாயைக் குதிரையால் எடுப்பதா சிப்பாயால் எடுப்பதா என்று திணறினேன். ஒப்பிடக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கு உதவியது ஆலையில் கற்ற பழக்கம். அறுத்த பழக்குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் மாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், எல்லோருக்கும் அவசரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அந்த அவசரத்தில், பின் சக்கரம் மேடையில் முழுதாக ஏறாத லாரிக்கு எடை பதிந்துவிட்டேன். பதிய இரண்டு நொடி. அதைத் திருத்த அரைநாள், மூன்று கையெழுத்து, தோட்டத்துக்கு ஒரு கடிதம். தலைமை எழுத்தரான பெரிய கிராணி ஐயா என்னைத் திட்டவில்லை. மேடையின் எண் ஆடிக்கொண்டிருப்பதைக் காட்டி, "வெளியே அம்பது லாரி நின்றாலும் இந்த எண் நிற்க நாலு நொடி எடுக்கும். அந்த நாலு நொடி உன்னுடையது இல்லை, தராசினுடையது" என்றார். அன்றிலிருந்து எண் அசையாமல் நின்ற பிறகுதான் விசையைத் தொடுகிறேன்.

சதுரங்கத்தில் இதை எப்படிச் செய்வது என்பதற்குப் பல மாதம் பிடித்தது. இப்போது நேரம் எவ்வளவு குறைந்தாலும் காயைத் தொடும் முன் இரண்டே கேள்வி. எனக்கு ஏதாவது செக் இருக்கிறதா? நான் தொடப்போகும் காய்க்குப் பின்னால் என் ராஜா நிற்கிறதா? இரண்டுக்கும் சேர்த்து மூன்று நொடி ஆகாது. முதல் கேள்வியை ஜி3இல் கேட்டிருந்தால் எஃப்6 தெரிந்திருக்கும், இரண்டாவதை ஜி5இல் கேட்டிருந்தால் அவமானம் நேர்ந்திருக்காது. கேள்வி முடியும்வரை கை தொடையின் கீழ். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கையின் மேல் உட்காருகிறேன். மூளையைவிடக் கை வேகமாகப் போய்விடுகிறது என்பதுதான் என் நோய்.

ஆனால் நொடிகளில் மிச்சம் பிடிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை நிமிடங்களில். வேக ஆட்டத்தில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. நான் எழுதுகிறேன், ஒவ்வொரு ஐந்தாவது நகர்வுக்குப் பக்கத்திலும் மிச்ச நிமிடத்தைக் குறிக்கிறேன். 25 நிமிட ஆட்டத்தில் 20ஆவது நகர்வுக்கு வரும்போது 12 நிமிடம் கையில் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. உங்கள் ஆட்டத்துக்கு வேறு கணக்காக இருக்கலாம், ஆனால் ஒரு கணக்கு இருக்கட்டும். இப்படி எழுதிய பத்துப் பதினைந்து தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பரப்பி வைத்துப் பார்த்தேன். சிக்கலான நிலைகளில் நான் நேரத்தைத் தொலைக்கவில்லை. அங்கெல்லாம் மூன்று நிமிடம், நான்கு நிமிடம், நியாயமான செலவு. ஐந்து நிமிடத்துக்கு மேல் போன இடங்களில் பெரும்பாலானவை நான் ஏற்கெனவே நன்றாக இருந்த இடங்கள். சாதகம் கிடைத்தவுடன் எனக்குக் கை நடுங்க ஆரம்பிக்கிறது. பறிகொடுக்க ஏதாவது இருப்பவனுக்குத்தானே பயம்!

ஆகவே ஒரு கெடு வைத்துக்கொண்டேன். இரண்டு நகர்வும் நல்லது என்று தெரிந்தால், முதலில் கண்ணில் பட்டதை ஆடிவிடுவது. ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது. முதல் சில போட்டிகளில் உடம்பெல்லாம் அரித்தது. ஏதோ கடையில் மிச்சப் பணத்தை எண்ணாமல் வந்துவிட்டதுபோல. இப்போது பழகிவிட்டது. எப்போதாவது இரண்டாவது நகர்வுதான் சிறந்தது என்று கணினி காட்டும். காட்டட்டும். அப்பா திரும்பி அந்த மரத்துக்குப் போகமாட்டார்.

எதிராளியின் கடிகாரம் ஓடும்போது எழுந்து மற்ற மேசைகளைச் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தையும் விட்டேன். அது பெரிய ஓட்டை. அவர்களுடைய நேரத்தில் கணக்குப் போட வேண்டாம், அவர்கள் என்ன ஆடுவார்கள் என்பதே தெரியாது. ஆனால் என் யானை எந்தக் கட்டத்தில் இருந்தால் நல்லது, எந்தக் காயை மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பம் என்பதை எல்லாம் இலவசமாக முடிவுசெய்து வைத்துக்கொள்ளலாம். அன்று அப்படி உட்கார்ந்திருந்தால் யானையை ஏ1இல் வைப்பதென்று முன்பே தீர்மானித்திருப்பேன். ஏ8 செக்கின் ஆசை என்னை இழுத்திருக்காது.

முடிந்தால் நொடி கூடும் போட்டிகளைத் தேடிப் போங்கள் என்பதையும் சொல்வேன். ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் கூட்டித் தரும் கடிகாரத்துக்கு 1980களின் கடைசியில் காப்புரிமை பெற்றவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். 1992இல் ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதை வைத்துத்தான் ஆடினார். நகர்வுக்கு 5 நொடி கூடினாலே, வென்ற நிலையை வெல்லத் தெரிந்தவன் வெல்வான். ஆனால் அதை மருந்தென்று நினைத்துவிடக் கூடாது. நொடி கூடும் ஆட்டத்தில் என்னைப்போன்றவன் அந்த ஐந்தையும் நம்பி இன்னும் தாராளமாகச் செலவு செய்வான். சம்பளம் கூடியதும் கடன் கூடுகிற வீடுகளை நமக்குத் தெரியாதா?

மற்றபடி பயிற்சிதான், அதுவும் கடிகாரத்தோடு. புத்தகத்தில் புரட்டிப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவது எனக்குப் பயன்படவில்லை. எஃப்6ஐ நான் அப்படித்தான் கற்றிருந்தேன், தேவைப்பட்டபோது வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அக்கா மகன் வருகிறான். சமையல்கட்டு மேசையில் அந்த நிலையை அப்படியே அடுக்குகிறோம்: ராஜா ஜி3, யானை ஏ8, ஏ7, எஃப்5. சில நாள் அவனே ஒரு காயை நகர்த்தி வைத்துவிடுவான், எஃப்6 செல்லாதபடி, அல்லது தேவைப்படாதபடி; இல்லையென்றால் கை மனப்பாடமாகத் தள்ளிவிடும். கைப்பேசிக் கடிகாரத்தில் எனக்கு 38 நொடி, அவனுக்கு 5 நிமிடம். தோற்கிறவர் அடுத்த வாரம் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும்.

சென்ற ஞாயிறு இருபது முறை வைத்தோம். பதினேழு முறை வென்றேன். மூன்று முறை என் ராஜா மறுபடியும் எஃப்4க்குப் போனது.